எலிக்கு வைத்த பரஸ்தானம்

ஒரு எலிக்கு நான் பரஸ்தானம் வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

பரஸ்தானம் என்றால் என்னவென்று இப்போது பலருக்குத் தெரியாது. ஊருக்குப் புறப்பட வேண்டிய நேரம் ராகு காலத்தில் போய் மாட்டிக்கொண்டால், அதற்கு முன்பே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பெட்டி கிளம்பிவிட்டது, ஆகவே ஆளும் கிளம்பியாயிற்று என்று கணக்கு. பிறகு ஆள் வீட்டுக்குத் திரும்பி வந்து, சாவகாசமாக மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு, ராகு காலத்தின் நட்டநடுவில் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். ராகுவுக்குத் தெரியாது. ஒரு கிரகத்தை இவ்வளவு மலிவாக ஏமாற்றிவிடலாம் என்று கண்டுபிடித்ததற்கே நம் முன்னோர்களுக்கு ஏதாவது பரிசு கொடுத்திருக்க வேண்டும்.

பயணத்துக்கு வைப்பதுண்டு. கதிரியக்க ஊசிக்கு வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதே வருடம்தான் எங்கள் கல்லூரி ஆண்டு மலரில் 'பஞ்சாங்கத்தை மூடி வையுங்கள்' என்று மூன்று பக்கக் கட்டுரை எழுதியிருந்தேன். மாணவர்கள் பாராட்டினார்கள். இன்டர்னல் மதிப்பெண் என் கையில் இருந்த காலம் அது.

இரண்டாயிரங்களின் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த பொறியியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தேன். வீடு சேலையூரில். அந்த வட்டாரத்தில் அப்போது மழைக்குக் காளான் முளைப்பதற்குப் போட்டியாகக் கல்லூரிகள் முளைத்துக்கொண்டிருந்தன. முளைத்த கல்லூரிகளெல்லாம் திடீரென்று தங்கள் ஆசிரியர்களைப் பார்த்து "பிஎச்.டி. எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தன. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த நானும் பகுதி நேரமாகப் பதிவு செய்தேன். பதிவுக் காலம் முடிந்து, நீட்டிப்பு வாங்கி, நீட்டித்ததையும் நீட்டித்தாயிற்று. இதற்கு மேல் நீட்ட முடியாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த கல்வியாண்டில் வகுப்பு ஒதுக்கப்போவதில்லை என்று கல்லூரியும் சொல்லிவிட்டது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆய்வு என்ன என்று கேட்பீர்கள். என் மாமனாரும் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மாலை நேரத்து மின்சார ரயில் ஒன்று தாம்பரத்தில் வந்து நிற்கிறது. அவ்வளவு கூட்டமும் பிளாட்பாரத்தில் கொட்டுகிறது. பிறகு மேம்பாலம் ஏறி இறங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறது. பிளாட்பாரம் எவ்வளவு வேகமாகக் காலியாகிறது, பஸ் ஸ்டாண்ட் எவ்வளவு வேகமாக நிறைகிறது என்று இரண்டு பேர் இரண்டு இடத்தில் நின்று குறித்துக்கொண்டே வந்தால், நடுவில் இருக்கும் பாலத்தைப் பார்க்காமலேயே அதன் அகலத்தைச் சொல்லிவிடலாம். பிளாட்பாரம் ரத்தம். பஸ் ஸ்டாண்ட் சிறுநீரகம். கூட்டம் என்பது ஊசி வழியாகச் செலுத்தும் கதிரியக்க மருந்து. அதை ட்ரேசர் என்போம். அது போகும் இடமெல்லாம் கேமராவுக்குத் தெரியும். பாலத்தின் அகலம்தான் நாங்கள் தேடுவது. சிறுநீரகம் கெட்டுப்போகும்போது பாலம் குறுகும்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. ரயில் வந்து நின்ற நேரம் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அது பிசகினால் மிச்சம் எல்லாம் பிசகும்.

"இதுக்கா மாப்ளே இவ்வளவு வருஷம்?" என்றார் மாமனார்.

மனிதர்களுக்கு முன் எலிகளில் பார்க்க வேண்டும். கால் கிலோ எடையுள்ள எலியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் ஒரு காபி டம்ளரின் அடியைக்கூட நிறைக்காது. அதிலிருந்து நிமிடத்துக்கு ஒரு துளி, இரண்டு துளி என்று வாலிலிருந்து எடுத்து அளக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக எடுத்தால் எலி போய்விடும். குறைவாக எடுத்தால் கணக்கு போய்விடும். எலிகள் இருந்தது வண்டலூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில். அங்கே ஒரு மருத்துவமனை கழித்துக் கட்டிய பழைய காமா கேமரா இருந்தது. மனிதர்களைப் படம் பிடிக்கச் செய்த யானை போன்ற இயந்திரம். அதன் முகத்தில் ஊசித்துளை போட்ட ஈயக் கூம்பு ஒன்றை மாட்டி எலியைப் பார்க்க வைத்திருந்தோம். ட்ரேசர் நகரத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து ஈயக் குடுவையில், காரில் வரும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். கோடம்பாக்கத்தில் ஐஸ்கிரீம் வாங்கி செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகிறவனுக்கு என்ன பதற்றம் இருக்குமோ அது ஒவ்வொரு தடவையும் எனக்கு இருந்தது.

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் எல்லாம் நன்றாக இருப்பதாக எழுதிவிட்டு, கடைசி வரியில், நோயற்ற எலிகளின் எண்ணிக்கை போதாது, இன்னும் ஒன்று சேர்த்துத் திருத்தித் தரவும் என்று எழுதியிருந்தார். மாதக் கடைசிக்குள் தர வேண்டும். தராவிட்டால் பதிவு ரத்து. இன்னும் ஒரே ஒரு எலி. என் பட்டமும், வேலையும், அதன்மேல் உட்கார்ந்திருந்த குடும்பமும் அந்த ஒரு எலியின் வாலைப் பிடித்துத் தொங்கின.

போதாக்குறைக்கு மைத்துனன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டிருந்தது.

"இன்னும் வரலையே, ஏன் போட்டீங்க?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"கல்யாணம் அடுத்த மாசம்தானே? அதுக்குள்ள வந்துடாதா?" என்றாள். "வராட்டி சொல்லுங்க, மேல ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றேன்."

அந்த ஸ்டிக்கர் என் கனவில் வந்தது.

எலிக்கான நாள் வெள்ளிக்கிழமை என்று முடிவானது. மருத்துவமனைக்கு அன்றுதான் தோது. காலையில் சட்டை மாட்டிக்கொள்ளும்போது கதவுக்குப் பின்னால் தொங்கிய தினசரி காலண்டர் கண்ணில் பட்டது. பட்டது என்று எழுதுகிறேன். உண்மையில் கதவைச் சாத்தி, காலண்டருக்கு அருகில் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. இது எனக்குத் தெரியாததா? குழந்தையிலிருந்து மனப்பாடம். இருந்தாலும் ராகு தன் நேரத்தை மாற்றிக்கொண்டிருப்பாரோ என்று ஒரு நப்பாசை. ட்ரேசர் ஒன்பதரைக்கு வந்துவிடும், பத்தே காலுக்கு ஊசி போட்டுவிடலாம், ஒன்றும் பிரச்சினையில்லை என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன். பஞ்சாங்கத்தை நம்பாதவன் இவ்வளவு கணக்குப் போட வேண்டியதில்லை என்பது பைக்கில் போகும்போதுதான் உறைத்தது.

கால்நடை மருத்துவர் எனக்கு முன்பே வந்து எலியை மயக்கத்தில் ஆழ்த்தி வைத்திருந்தார். நிதானமான மனிதர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ராகு காலம் அவருடைய கால அட்டவணையில் கிடையாது. வால் நரம்பில் மெல்லிய குழாயைச் செருகிப் பசை நாடாவால் ஒட்டியிருந்தார். எலி வெதுவெதுப்பான திண்டின்மேல், கேமராவின் ஈயக் கூம்புக்கு அடியில், பல் பிடுங்க வந்தவர் மாதிரி படுத்திருந்தது.

ஒன்பதரை ஆயிற்று. கார் வரவில்லை. பத்தாயிற்று. கார் வரவில்லை. டிரைவருக்குப் போன் போட்டேன்.

"பெருங்களத்தூர்ல நிக்கிறேன் சார். லாரி ஒண்ணு குறுக்கால பூந்து நின்னுகினு கீது. இன்னா பண்றது? வண்டி நவுரவே மாட்டேங்குது."

"எவ்வளவு நேரமாகும்?"

"லாரிக்காரனத்தான் கேக்கணும் சார். அவன் கீய எறங்கி டீ குடிச்சினு கீறான்."

"மயக்கம் எவ்வளவு நேரம் தாங்கும் டாக்டர்?"

"எலி தாங்கும் சார். நீங்க உக்காருங்க."

நான் உட்காரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், கம்ப்யூட்டரின் மூலையைப் பார்த்தேன். மூன்றும் பத்தரையை நோக்கி ஒற்றுமையாகப் போய்க்கொண்டிருந்தன. வேறு எந்த நாளிலும் இந்த மூன்றும் ஒத்துப்போனதில்லை. இவ்வளவு வருடம் நீட்டி நீட்டி வந்த வேலை, கடைசி எலி, அதுவும் ராகு காலத்திலா? என் தாத்தா வழியாக அப்பாவுக்கு வந்து, அப்பா வழியாக எனக்கு வந்து, பௌதிகப் புத்தகங்களுக்கு அடியில் நான் புதைத்து வைத்திருந்த அவ்வளவு பயமும் அந்தக் குளிரூட்டப்பட்ட அறையில் எழுந்து நின்றது.

பத்து இருபத்தைந்துக்கு அந்த யோசனை வந்தது.

"டாக்டர், லைன் சரியா இருக்கான்னு ஒரு சொட்டு சலைன் விட்டுப் பார்ப்போமா?"

"இப்பத்தானே சார் பார்த்தோம்? நல்லாத்தான் போச்சு."

"இன்னொரு தடவை. என் திருப்திக்கு."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு ஒரு சொட்டு உப்பு நீரை உள்ளே விட்டார். அதே நொடியில் நான் கம்ப்யூட்டரில், என் கணக்குப் போடும் நிரலில், 'ஊசி போட்ட நேரம்' என்ற கட்டத்தில் பத்து இருபத்தைந்து என்று தட்டினேன். அவ்வளவுதான். ஊசி கிளம்பிவிட்டது. பெட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. நிஜ ஊசி போட்ட பிறகு நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

மனசு அப்படி லேசானது. டாக்டருக்கு காபி வாங்கிக் கொடுத்தேன்.

லாரிக்காரர் டீ குடித்து முடித்திருக்க வேண்டும். பதினொன்றை நெருங்கும்போது கார் வந்து சேர்ந்தது. ஈயக் குடுவையைத் திறந்து, மருந்தை அளந்து, கேமராவை ஓடவிட்டு, டாக்டர் ஊசியை அழுத்தினார். திரையில் முதலில் ஒரு மூட்டம். பிறகு இதயம். பிறகு மெதுவாக இரண்டு மொச்சைக்கொட்டைகள் போல எலியின் சிறுநீரகங்கள் எரிய ஆரம்பித்தன. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்லச் சொல்ல, வாலிலிருந்து துளி துளியாக எடுத்துக் குப்பிகளில் விட்டு, நேரத்தை எழுதி ஒட்டினேன். ஒரு துளி சிந்தவில்லை. ஒரு குப்பி உருளவில்லை. எலி கண்விழித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு கூண்டுக்குள் போனது. என் ஆய்வு வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு பரிசோதனை நடந்ததேயில்லை. ராகு சரியாக ஏமாந்திருக்கிறார் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டேன். அந்த மிதப்பில் கட்டத்தைத் திருத்த மறந்தேன்.

மறுநாள் சேலையூர் வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இரண்டு வளைகோடுகளையும் ஒன்றாகப் போட்டேன். சிறுநீரகம் ஜம்மென்று நிறைந்து, வடிந்து, கிட்டத்தட்ட வேலையை முடித்த பிறகு, ரத்தத்தில் மருந்து வந்து சேர்ந்தது. ரயில் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே பஸ் ஸ்டாண்டில் கூட்டம் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டுக்கும் போய்விட்டது.

நிரலை மறுபடி ஓட்டினேன். சிறுநீரகத்துக்குள் மருந்து போகும் வேகம் கழித்தல் குறியோடு வந்தது. அதாவது, என் கணக்குப்படி மருந்து சிறுநீரகத்திலிருந்து கிளம்பி, ரத்தத்துக்கு வந்து, அப்படியே ஊசிக்குள் ஏறிக்கொள்ள வேண்டும்.

இப்போது யோசித்தால், முதலில் பார்க்க வேண்டியது நேரத்தைத்தான் என்று யாரும் சொல்வார்கள். என் நிலைமையில் இருந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். பத்து இருபத்தைந்து என்ற எண்ணை என் மனசு எங்கோ பரணில் போட்டுப் பூட்டியிருந்தது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், அதைத் தவிர. துளிகளை அளந்த கருவியைச் சந்தேகப்பட்டேன். மருத்துவமனை கொடுத்த மருந்தைச் சந்தேகப்பட்டேன். எலியையே சந்தேகப்பட்டேன். கணக்கு பொருந்தாவிட்டால், உடம்பை அறைகளாகப் பிரித்துப் போடும் கணித மாதிரியில் ஒரு அறையைக் கூட்டிக்கொள்வது எங்கள் துறையில் வழக்கம். ரத்தம், சிறுநீரகம் என்று இரண்டு அறை வைத்துக் கட்டியதில் மூன்றாவதாக ஒன்றைப் போட்டேன். நாலாவதைப் போட்டேன். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு மேலே மேலே எழுப்பிக்கொண்டு போகும் எங்கள் தெருக்காரர்களைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. அந்த வாரம் அவர்களைவிட ஒரு மாடி அதிகமாகக் கட்டினேன்.

கட்டியது நிற்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. இடையில் மின்வெட்டு வேறு.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"ரத்தத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே கிட்னிக்கு மருந்து போயிடுது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சீக்கிரமாப் போறது நல்லதுதானே?"

ஒரு மாலை முழுவதும் நானே அதை நம்பத் தொடங்கினேன். ஒருவேளை இது கண்டுபிடிப்போ? காரணத்துக்கு முன் காரியம் நடக்கும் எலி? வெளிநாட்டிலிருந்து அழைப்பு வருமோ? மறுநாள் காலை பல் துலக்கும்போது அந்த நம்பிக்கை நுரையோடு போய்விட்டது. மாதக் கடைசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இன்னொரு எலிக்கு மருத்துவமனையில் இடமில்லை. ஸ்டிக்கர் ஒட்டச் சொல்ல வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டு, அச்சடித்த தாள்களை எடுத்துக்கொண்டு என் ஆய்வு நெறியாளரைப் பார்க்கப் போனேன்.

அவர் என்னைவிட வயதில் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். இந்த ஏற்பாட்டில் யார் யாருக்கு வழிகாட்டுகிறார்கள் என்று மூன்றாவது ஆளுக்குப் புரியாது. எங்களுக்கு நன்றாகப் புரியும். அவர் முன்னால் உட்காரும்போதெல்லாம் நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பேன்.

படத்தை ஒருமுறை பார்த்தார். நான் கட்டிய நாலு அறைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஊசி எத்தனை மணிக்குப் போட்டீங்க சார்?"

"பத்து இருபத்தஞ்சு மேடம்."

"வெள்ளிக்கிழமை?"

"ஆமா மேடம்."

"பத்தரைக்கு நான் டிரைவர்கிட்ட பேசினேன். பெருங்களத்தூர்ல லாரி குறுக்க நிக்குதுன்னு திட்டிக்கிட்டிருந்தார்." தாளைக் கீழே வைத்தார். "மருந்து அப்ப கார்ல இருந்துச்சு. எலிக்கு எதைப் போட்டீங்க?"

பேனா மூடி கையிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் ஓடியது. அதை எடுக்கக் குனிந்தேன். அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. அங்கிருந்தபடியேதான் பாதியைச் சொன்னேன். ராகு காலம், லாரி, சலைன், கட்டம். நிமிர்ந்து உட்கார்ந்து மிச்சத்தைச் சொன்னேன். பரஸ்தானம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் பரவாயில்லை.

"இதை வேற யாராவது பார்த்தா என்ன சொல்வாங்க தெரியுமா சார்?"

"மூடநம்பிக்கைன்னு சொல்வாங்க மேடம். நான் வேற ஆண்டு மலர்ல..."

"இல்ல சார். பொய்னு சொல்வாங்க."

என் சங்கடமெல்லாம் நான் அசடு என்று தெரிந்துவிடுமே என்பதாகத்தான் அதுவரை இருந்தது. நடக்காத ஒன்றை நடந்ததாகப் பதிந்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம் வரை எனக்குப் படவேயில்லை. ராகுவை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு என் பரிசோதனையையே ஏமாற்றியிருந்தேன்.

"மத்த எலிங்களுக்கும் இப்படி ஏதாவது..."

"இல்லவே இல்ல மேடம். சத்தியமா."

"சத்தியம் வேண்டாம். எல்லா ஃபைலையும் எடுங்க."

கேமரா ஒவ்வொரு முறை ஓட ஆரம்பிக்கும்போதும் தன் கோப்பில் தானே நேரத்தைப் போட்டுக்கொள்ளும். அதை யாரும் மாற்ற முடியாது. பழைய எலிகள் ஒவ்வொன்றின் கோப்பையும் திறந்து, நான் தட்டிய நேரத்தோடு ஒப்பிட்டார். நான் செய்யாத குற்றத்துக்கும் சேர்த்து வியர்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என்னை எனக்கே நம்பிக்கையில்லை. ஒரு எலிக்குச் செய்தவன் வேறொன்றுக்குத் தூக்கத்தில் செய்திருக்க மாட்டானா? எல்லாம் பொருந்தின. ஒன்றில் மட்டும் அவர் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார்.

"இது செவ்வாய்க்கிழமை மூணரை மணிக்குப் போட்டது சார்."

செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை. நடுமையத்தில் போட்ட ஊசி. அன்று எனக்குப் பதற்றம் ஏதும் இல்லாததால் காலண்டர் பக்கமே போகவில்லை. என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் பெருமையாகப் போட்டிருந்த மிக அழகான வளைகோடு அந்த எலியுடையதுதான்.

"உங்களுக்குக் கிழமைக் கணக்கு தெரியுமா மேடம்?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க வீட்லயும் காலண்டர் இருக்கு சார்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேமரா தான் ஓடத் தொடங்கியதிலிருந்து சிறுநீரகத்தை எண்ணியிருந்தது, என் நிரல் ரத்தத் துளிகளைப் பத்து இருபத்தைந்திலிருந்து எண்ணியிருந்தது. கேமரா போட்ட நேரத்தை வைத்து வெள்ளிக்கிழமை எலியின் கணக்கைத் திருத்தினோம். நான் எழுப்பிய மாடிகளையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு, பழையபடி இரண்டே அறை. வளைகோடு அடங்கி உட்கார்ந்தது. ரத்தம் முதலில், சிறுநீரகம் பிறகு. உலகம் ஒழுங்குக்கு வந்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"இதை அப்படியே சேர்க்க முடியாது சார். நேரம் முதல்ல தப்பாப் பதிவானதையும், எதை வச்சு மாத்தினோம்ங்கறதையும் எழுதணும். ஏன் தப்பாச்சுங்கறதையும்."

"ஏன்ங்கறதையுமா?"

"இல்லேன்னா எலியை விட்டுடுங்க."

எலியை விட்டால் பட்டத்தையும் விட வேண்டும். வீட்டுக்கு வந்து அந்த ஒரு வரியை எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். முழு ஆய்வேட்டில் எந்த அத்தியாயமும் அவ்வளவு பாடுபடுத்தவில்லை. முதலில் 'எதிர்பாராத சூழ்நிலையால்' என்று எழுதினேன். அடித்துவிட்டார். 'நிர்வாகக் காரணங்களால்' என்று எழுதிப் பார்த்தேன். "எந்த நிர்வாகம் சார்?" என்று கேட்டார். கடைசியில் 'ஆய்வாளரின் சொந்தக் காரணத்தால், மருந்து செலுத்தும் முன்பே நேரம் பதியப்பட்டது. கேமராக் கோப்பின் நேரத்தைக் கொண்டு அது திருத்தப்பட்டது' என்பதில் வந்து நின்றது. ஆங்கிலத்தில் இன்னும் மோசமாக ஒலித்தது. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் வர மாட்டார்கள் என்பது மரபு. அன்று பார்த்துக் கூடம் நிறைந்திருந்தது. கல்லூரியிலிருந்து சக ஆசிரியர்கள், என் மாணவர்கள், முதல் வரிசையில் பட்டுப்புடவையில் மனைவி, பக்கத்தில் புதுமாப்பிள்ளையாகப்போகும் மைத்துனன். பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

புறத்தேர்வாளர் இன்னொரு எலி கேட்டவரல்ல, மற்ற மதிப்பீட்டாளர், வேறு ஊரிலிருந்து வந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, அதிகம் பேசாத பெரியவர். என் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். தாம்பரம் ரயில் உவமையைச் சொன்னேன். கூடம் ரசித்தது. அவர் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டேயிருந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. எந்த இடம் என்று புரட்டிய பக்கங்களின் கனத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"சொந்தக் காரணம்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே. அது என்ன காரணம்?"

நெறியாளரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்து உற்சாகமாகத் தலையசைத்தாள், ஏதோ நல்ல கேள்வி வந்திருக்கிறது என்று நினைத்து. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? அதுவும் சொந்தக் காரணம்தானே? நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் இரண்டாவது பரஸ்தானம்.

"ராகு காலம் சார்" என்றேன்.

"என்ன?"

மைக்கில் இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு பின்வரிசையிலிருந்து என் மாணவன் ஒருவன், "மச்சான், ஆண்டு மலர்டா!" என்றான். அதற்கப்புறம் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. மைத்துனன் குனிந்து செருப்பைச் சரி செய்துகொண்டான். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "திருத்தினது உங்க ஞாபகத்தை வச்சா, இல்ல கேமராவை வச்சா?"

"கேமராவை வச்சு சார்."

"சரி. அடுத்த படம்."

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெறியாளர் அருகில் வந்து, "காங்கிராட்ஸ் சார்" என்றார். முதல்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன். ஸ்டிக்கர் தேவைப்படவில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு அந்தப் பெரியவரோடு ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். அவருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். இலை போட்டு, பொரியல் வைத்து, சோறு விழுந்தது. கடைசி எலியைச் சேர்த்துக்கொண்டதற்கு ஏதாவது நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த எலிக்காக நான் பட்ட பாட்டை, பெருங்களத்தூர் லாரியிலிருந்து ஆரம்பித்து, மரியாதை குறையாமல் சொன்னேன். அவர் பிசைந்துகொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"ஆமா, நானும் அந்த ஒரு எலியை நீக்கிட்டு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன்" என்றார். "முடிவு ஒண்ணும் மாறலை சார். அது இல்லாமலே குடுத்திருப்பேன். அந்த சாம்பாரைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."